வலப்பக்கம்

12.8.91, திங்கள்

எட்டாம் வகுப்பில் இன்று கிரேக்கக் காலாட்படை பாடம். இடது கையில் பிடிக்கும் கேடயம் பாதி பிடித்திருப்பவனை மறைக்கும், மீதி இடப்பக்கம் நிற்பவனை மறைக்கும் என்றேன்.

"அப்போ நம்ம வலப்பக்கத்தை மறைக்கிறவர் செத்துட்டா, மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பின்னாடி வரிசையிலேர்ந்து ஒருத்தர் வந்து நிப்பார்" என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் ஆவடி ஸ்டேஷனுக்கு நடக்கும்போது பூக்காரம்மா சத்தம் போட்டாள். "இன்னாம்மா, ரோடு இவ்ளோ காலியா கீது, சாக்கடைல வுழற மாதிரி போறியே!"

அப்போதுதான் உறைத்தது. வண்டிகள் போகும் வலப்பக்கம் எப்போதும் என் வீட்டுக்காரர்தான் நடப்பார். அவர் இறந்து ஒரு வருஷமாகியும் அவருக்கு இடம் விட்டுத்தான் நடக்கிறேன். இப்போதும் கட்டிலில் சுவரோரம் ஒண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன். யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் அந்த இடத்தில் நான் நிற்க விடமாட்டேன்.