ஐந்தாவது அளவீடு

என் செல்ல அண்ணாவுக்கு,

உனக்குச் சிரிப்புதான் வரும். நீ படித்த அதே விழுப்புரம் கல்லூரியில், அதே இயற்பியலில், அதே தமிழ் மீடியத்தில் நான் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். திண்டிவனத்திலிருந்து அதே ரயில். மின்காந்தவியலில் ஒரு புராஜெக்ட் தலைப்பைத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பத்து நாளாக மண்டை காய்ந்தது. மின்மாற்றியா, மோட்டாரா, ஒயர் இல்லாத சார்ஜரா? காலையில் ஒன்று சரியென்று படும். ரயிலை விட்டு இறங்குவதற்குள் அது வேண்டாம் என்று ஆகிவிடும்.

கடைசியில் எல்லோரையும் போல நானும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பழைய புராஜெக்ட்டுகளைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் பெயரை மட்டும் மாற்றி பைண்டிங் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நான் காப்பியடிக்கப் போகவில்லை, சும்மா பார்க்கத்தான் போனேன். சரி, உன்னிடம் எதற்குப் பொய்? கொஞ்சம் காப்பியடிக்கத்தான் போனேன்.

"தமிழ் மீடியமா? உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு பாப்பா. எல்லாரும் அதைத்தான் எடுத்துக்கினு போறாங்க" என்று கடைக்கார அக்கா ஒரு பிரின்ட்டை எடுத்துப் போட்டார்.

செம்புக் குழாய்க்குள் விழும் காந்தம். தலைப்பைப் பார்த்ததுமே உன்னுடையதோ என்று தோன்றியது. நன்றியுரைப் பக்கத்தைத் திருப்பினேன். 'ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் குறித்த என் தங்கை குட்டிமாவுக்கு நன்றி.' அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அக்கா பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பெயரை மாற்றுகிற எவரும் நன்றியுரையைப் படிப்பதில்லை போலிருக்கிறது. நீ அதை அந்தக் கடையில் டைப் அடிக்கக் கொடுத்துவிட்டு, ரிசல்ட் வருவதற்குள் கூட்டேரிப்பட்டு ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டாய். பதினோரு வருஷமாக யார் யாரோ எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அக்கா மேல் கோபப்படுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா? விஷயத்தைச் சொன்னதும், "ஐயோ, எனக்குத் தெரியாது பாப்பா. வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன்" என்றார். அழிச்சிடுங்க என்றேன். உடனே, இருங்கக்கா வேணாம் என்றேன். அப்புறம், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். பிறகு சொன்னாள்: "இருந்துட்டுப் போகட்டும்டி. என் புள்ள வருஷா வருஷம் பாஸாய்க்கினே இருக்கான்."

அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லையே அண்ணா. உன் அட்டவணையில் ஐந்தாவது அளவீடு இருக்கிறதே, அது என் கண்ணை உறுத்துகிறது. நான்கு முறையும் காந்தம் கீழே வர நான்கு நொடி, ஐந்தாவது முறை மட்டும் ஏழு நொடி. அதன் கீழே நீ எழுதியிருக்கிறாய்: 'இம்மாறுபாட்டிற்குக் காரணம் தெரியவில்லை.'

காரணம் எனக்குத் தெரியும். ஏசி மெக்கானிக்கிடம் வாங்கி வந்த குழாய்க்குள் நீ காந்தத்தைப் போட்டாய். செம்பில் காந்தம் ஒட்டாது, ஆனால் அது விழ விழக் குழாயில் மின்சாரம் சுழன்று அதை மெதுவாக இறக்கும் என்று சொன்னாய். ஒன்பது வயதில் எனக்கென்ன புரியும்? உள்ளே எட்டிப் பார்த்தேன். அது மிதந்துகொண்டு இறங்கிய அழகில் வாட்ச்சை நிறுத்த மறந்துவிட்டேன். "கரெக்டா அமுக்கினியா குட்டிமா?" என்று கேட்டாய். "அம்மா மேல சத்தியமாண்ணா" என்றேன்.

நான் புளுகியது உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் விட்டுவிட்டாயா? அந்த ஒன்றை அடித்துவிட்டு இன்னொரு முறை போட்டிருந்தால் ஆயிற்று. என்னை நம்பியதால்தான் அப்படி எழுதினாயா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

திங்கட்கிழமை வைதேகி மேடத்திடம் போனேன். நீ போன பிறகு வந்தவர், எங்கள் வழிகாட்டி. "எது வேணா எடு, அந்தக் காந்தம் குழாய் மட்டும் வேணாம்மா. போன வருஷம் வைவாவுல ஒரு பையனைப் பார்த்து, உன் தங்கச்சி இன்னா படிக்கிறான்னு கேட்டேன். எனக்குத் தங்கச்சியே இல்லீங்க மேடம்ங்கிறான்" என்றார்.

வேறு தலைப்பு எழுதிய தாள் என் கையிலேயே இருந்தது. ஒயர் இல்லாத சார்ஜர். கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தத் தங்கச்சி நான்தாங்க மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன், உன்னைப் பற்றி, கடையைப் பற்றி. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்போ அந்த அஞ்சாவது ரீடிங் இன்னா ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"நான் லேட்டா அமுக்கிட்டேன் மேடம். அண்ணன் கிட்ட பொய் சொல்லிட்டேன்."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக இதை வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. மேடம் என் தாளை வாங்கி, சார்ஜரை அடித்துவிட்டு, "அந்தக் காந்தம் குழாயையே எழுதிக்கினு வா. எல்லாத்தையும் மொதல்லேர்ந்து நீயே அளந்து எழுதணும்" என்றார்.

அளக்கிறேன் அண்ணா. இந்த முறை குழாய்க்குள் எட்டிப் பார்க்க மாட்டேன், இது சத்தியம். உன் ஐந்தாவது அளவீட்டுக்குக் காரணத்தையும் எழுதுவேன். முடித்ததும் ஃபைலை நானே ஜெராக்ஸ் அக்காவிடம் கொடுத்து, பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கச் சொல்லப் போகிறேன். அது சரியா தப்பா, இன்னும் எனக்குக் குழப்பம்தான். ஆனால் அதன் நன்றியுரையில் 'என் அண்ணனுக்கு' என்று உன் பெயர் இருக்கும். அண்ணனே இல்லாத பையன்கள் எல்லாம் இனி வருஷா வருஷம் உனக்கு நன்றி சொல்லட்டும்.

வாட்ச்சை நிறுத்த மறந்த
உன் தங்கை,
குட்டிமா