காது வந்துவிட்டது என்று சொன்னது யார்?

புக்கிட் ரோத்தான்,
கோலசிலாங்கூர்.
ஞாயிற்றுக்கிழமை.

மெல்பர்னில் இருக்கும் பிரேமளா அக்காவுக்கு, தங்கை தர்மினி வணக்கத்துடன் எழுதுவது.

எல்லாரும் சுகம் என்று எழுத வந்த கை நின்றுவிட்டது. என் பிள்ளை ஆரபிக்கு வலது மணிக்கட்டு முறிந்து முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு போட்டிருக்கிறது. அவள் அப்பா உங்களுக்குப் போனில் சொல்லிவிட்டார் என்று தெரியும். அதற்கு நீங்கள் எனக்கு அனுப்பியது நான்கு குரல் பதிவுகள். அக்கா, காது கேட்காதவளுக்குக் குரல் பதிவு அனுப்புகிறீர்கள். இவர்தான் கேட்டுவிட்டு ஒரே வரியில் எழுதிக் காட்டினார்: "கருவியை எதுக்குக் கழட்டினாளாம்னு கேக்குறாங்க."

அந்த ஒரு வரிக்குப் பதில்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியிலேயே நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். காகிதத்தில் இருந்தால் முடியும் வரைக்கும் நான்தான் பேசுவேன்.

மூளைக்காய்ச்சலில் என் இரண்டு காதும் போனபோது எனக்காக அலைந்தது நீங்கள்தான். உட்காதுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடும், கருவி வைக்கும் ஆப்பரேஷனைத் தள்ளிப்போடக்கூடாது என்று தேடிப் படித்துச் சொன்னதும் நீங்கள்தான். நீங்கள் விரட்டாவிட்டால் இவர் இன்னும் யோசித்துக்கொண்டே இருந்திருப்பார். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. அதைக் காட்டி என் வாயை அடைக்கவேண்டாம்.

ஆப்பரேஷனுக்கு முன்பு, காதுக் கருவியைப் பொருத்திப் பழக்கும் ஜஸ்மின் என்ற பெண் எங்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினாளே, அன்றைக்கு நீங்களும் வீடியோவில் இருந்தீர்கள். இது மூக்குக்கண்ணாடி மாதிரி இல்லை, போட்டவுடன் தெளிந்துவிடாது என்றாள். மூளை புதிதாகப் பழகவேண்டும், மாதக்கணக்காகும், சிலருக்கு வருடக்கணக்காகும், சிலருக்குப் போனில் பேசவே வராமல் போகலாம் என்றாள். அவள் எழுதிக் காட்டியதை நான் படித்தேன். நீங்கள் காதாலேயே கேட்டீர்கள். கேட்ட உங்களுக்குத்தான் அது ஞாபகம் இல்லை.

ஆப்பரேஷன் முடிந்து இரண்டு வாரம் நான் எழுந்து நின்றால் வீடு சாய்ந்தது. சோறு, குழம்பு, தேத்தண்ணீர் எல்லாம் தகரத்தை நக்கியது போல இருந்தன. காதுமடல் மரத்துப்போய், படுத்தால் வேறு யாருடைய காதோ என்று தோன்றும். இதையெல்லாம் நான் யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை. முன்பே சொன்னார்கள், தாங்கிக்கொண்டேன்.

நான் சொல்ல வருவது கருவிக்கு முதன்முதலாக சுவிட்ச் போட்ட நாளைப் பற்றி. நீங்கள் சொல்லித்தானே இவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்? என் தலையில் கருவியின் காந்தத்தை ஒட்டினார்கள். முதலில் கிணிங் கிணிங் என்று சத்தம். பிறகு ஜஸ்மின் பேசினாள், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல இருந்தது. ஆரபி என் முன்னால் வந்து "அம்மா" என்றாள். உதட்டைப் பார்த்துத்தான் அது அம்மா என்று தெரிந்துகொண்டேன். காதில் விழுந்தது கதவுக் கீல் சத்தமா, பிள்ளையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பத்து வருடம் கேட்ட குரல், அக்கா. அதனால்தான் அழுதேன். அந்த அழுகையைத்தான் நீங்கள் குடும்பக் குழுவில் போட்டு, தங்கச்சிக்குக் காது வந்துவிட்டது என்று எழுதினீர்கள். வாழ்த்துகள் வந்து குவிந்தன. நான் ஏன் அழுதேன் என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என்னவெல்லாம் நடந்தது தெரியுமா? குளிர்பெட்டியில் எனக்கு எழுதிக் காட்டுவதற்காக மாட்டியிருந்த வெள்ளைப் பலகையை இவர் கழற்றிவிட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார். மாமி அமராவதி சமையலறையிலிருந்து கூப்பிட்டு, நான் திரும்பவில்லை என்றதும் காது வந்தும் நடிக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார். எனக்கு உதடு படிக்க வரும் என்பது அவருக்கு மறந்துவிட்டது போலும். கைமாறிப் போன வீடியோவைப் பார்த்த எங்கள் பள்ளித் தலைமையாசிரியர், டீச்சருக்குத்தான் குணமாகிவிட்டதே லா என்று நூலகத்தில் வைத்திருந்த என்னை மறுபடியும் இரண்டாம் ஆண்டு வகுப்பில் போட்டார். அத்தனை பிள்ளைகள் ஒன்றாகப் பேசினால் எனக்குத் தகரக் கூரையில் மழை கொட்டுவது போலத்தான் இருக்கும். முதல் வாரத்திலேயே என் பின்னால் நின்று கைதட்டி, திரும்புகிறேனா என்று சோதித்து விளையாட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்போது ஆரபிக்கு வருகிறேன்.

எனக்குக் காது போன நாளிலிருந்து, என்னைக் கூப்பிட அவளாகவே ஒரு வழி வைத்திருந்தாள். இது பழைய தோட்ட வீடு, கூடத்தில் பலகைத் தரை. எங்கிருந்தாலும் ஓங்கி இரண்டு மிதி மிதிப்பாள். பின்கட்டில் இருந்தால் துடைப்பக்கட்டையால் பலகை ஓரத்தைத் தட்டுவாள். என் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். நீங்கள்தான் போனில் அவளிடம், இனிமேல் அப்படிச் செய்யாதே, அம்மாவுக்குக் காது கேட்கிறது, நீ தட்டிக்கொண்டே இருந்தால் அம்மாவின் காது சோம்பேறியாகிவிடும், வாயால்தான் கூப்பிடவேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். என்னைக் கேட்காமல், என் பிள்ளையிடம்.

போன வாரச் சனிக்கிழமை கோவில் மண்டபத்தில் ஒரு கல்யாணம். நாதஸ்வரம், மேளம், மைக், தட்டு அடுக்கும் சத்தம் எல்லாம் ஒரே இரைச்சலாகத் தலைக்குள் இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் மண்டை பிளந்தது. கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கூடத்தில் சாய்ந்தேன். கழற்றலாம், அக்கா. தலை வலித்தால் சற்றுக் கழற்றி வையுங்கள் என்று ஜஸ்மினே சொல்லியிருக்கிறாள். இவர் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலையில் இருந்தார். மாமியும் வீட்டில் இல்லை. ஆரபி பின்கட்டில் வாளியைத் தூக்கப்போய் ஈரச் சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்திருக்கிறாள்.

விழுந்த இடத்தில் துடைப்பம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. பிள்ளை அதைத் தொடவில்லை. நீங்கள் சொன்னபடி வாயால் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். மழை இருட்டிக்கொண்டு வருகிறதே, கொடியில் துணி கிடக்கிறதே என்று நான் எழுந்து போகும்போதுதான் பார்த்தேன். கை கோணலாகத் திரும்பிக் கிடந்தது. அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் எழுதிக் காட்டித்தான் எனக்குத் தெரிந்தது.

கட்டு போட்டு முடித்ததும் அவள் என் முகத்துக்கு நேரே, நான் படிக்க வசதியாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "உங்களுக்குக் கேக்கும்னு பெரியம்மா சொன்னாங்க. நான் கூப்பிட்டேன். நீங்க வரல."

நான் வேண்டுமென்றே வராமல் இருந்தேன் என்று என் பிள்ளை நினைத்தாள், அக்கா. கருவியை எதற்குக் கழற்றினேன் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவளிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்கிறேன்.

புதன்கிழமை அவளை ஜஸ்மினிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஜஸ்மின் ஆரபியைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் மாற்றி, ஆரம்பத்தில் அம்மாவுக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஹெட்போனில் போட்டுக் காட்டினாள். ஆரபி கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு இடது கையால் அதைக் கழற்றிவிட்டு, "இதுல நான் எது?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். காலடியில் பலகை அதிர்ந்தது. கதவோரம் நின்று மிதித்துவிட்டு, பசிக்கிறது என்று வயிற்றைக் காட்டினாள். இனி இந்த வீட்டில் அவளை மிதிக்காதே என்று யாரும் சொல்லக்கூடாது. இவரிடமும் மாமியிடமும் சொல்லிவிட்டேன். வெள்ளைப் பலகையை நானே மாட்டிவிட்டேன். திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்த்து, வகுப்புக்குத் தயாரானதும் நானே சொல்கிறேன், அதுவரைக்கும் நூலகத்தில் இருக்கிறேன் என்று கேட்கப்போகிறேன்.

கருவி வீண் என்று நான் சொல்லவில்லை. கேத்தல் கொதிப்பது தெரிகிறது. சூராவ் தொழுகைக்கூடத்திலிருந்து பாங்கு சொல்வது மனிதக் குரல் என்று தெரிகிறது. ஆரபி வாயை மறைத்துக்கொண்டு பழங்களின் பெயரைச் சொல்லி எனக்குப் பரீட்சை வைக்கிறாள். டுரியானையும் ரம்புத்தானையும் பிடித்துவிடுகிறேன். மாம்பழமும் வாழைப்பழமும் இன்னும் எனக்கு ஒன்றுதான். வரும், மெதுவாக வரும். அந்த மெதுவைத்தான் நீங்கள் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டீர்கள்.

ஆரபி இப்போது உங்கள் போனுக்கு வரமாட்டேன் என்கிறாள். பெரியம்மாவைப் பற்றி அப்படிச் சொல்லாதே என்று நான் அவளை அடக்கவில்லை. உங்களுக்காக என்னால் அவளிடம் பேச முடியாது.

டிசம்பரில் வருவதாக இவரிடம் சொன்னீர்களாம். வாருங்கள். வந்ததும் என்னிடம் வரவேண்டாம், முதலில் அவளிடம் போங்கள். நான் சொன்னது தப்பு, நீ கூப்பிட்டதைக் கேட்டும் அம்மா வராமல் இருக்கவில்லை, அம்மாவுக்குக் கேட்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதன் பிறகு வெளிச்சம் இருக்கிற இடமாகப் பார்த்து என் எதிரே உட்காருங்கள். கைப்பேசியை எடுக்காதீர்கள். என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், திட்ட வேண்டுமானாலும் திட்டுங்கள். எனக்குப் புரியும் வரைக்கும் எழுந்து மட்டும் போய்விடாதீர்கள், அக்கா.

அத்தானையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் முதுகுவலி எப்படி என்று எழுதுங்கள். எழுதுங்கள்.

கோபத்தோடும் அதே அன்போடும்,
தங்கை தர்மினி