பெயருக்குப் பக்கத்தில் காலி இடம்

3-9-1973
எங்கள் ஃபாக்டரியில் ஷிப்டு போட கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் போகிறோம், நானும் ஹில்டாவும். கம்ப்யூட்டர் திருவொற்றியூரில் ஏது? ஊருக்குள் ஒரு கம்பெனியில் வாரம் ஒரு மணி நேரம் வாடகைக்கு. அதனால் முதலில் தொழிலாளிகளை விசாரித்து வரச் சொல்கிறார் மேனேஜர் அருள்நாதன். நல்ல அறிக்கை தருபவருக்கே பொறுப்பு. நான் கணக்கில் முதல் வகுப்பு. அவள் கம்ப்யூட்டருக்குப் பஞ்ச் கார்டு அட்டையில் ஓட்டை அடித்துக்கொண்டிருந்தவள். இது ஒரு போட்டியா!

6-9
ஃபோர்மன் அறையில் வைத்து ஒவ்வொருவராக விசாரித்தேன். ஃபோர்மன் பக்கத்திலேயே இருந்தார். எல்லாரும் ஒரே பதில்: "இப்ப கீறதே நல்லாத்தான் கீது சார்."

11-9
ஹில்டா பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அட்டவணை வரைந்து, ஷிப்டு விட்டதும் ஸ்டேஷன் வரை அவர்களோடு நடந்தபடியே காட்டுகிறாள். கிரேன் ஓட்டும் சிலுவைமுத்து பென்சிலைப் பிடுங்கித் திருத்துகிறான். "இன்னா தங்கச்சி, இப்டி போட்டுகினா பேஜாரு!"
நான் சார். அவள் தங்கச்சி. வயிறு எரிகிறது. ஆமாம், எரிகிறது.

19-9
ஷிப்டு விட்டதும் அவர்கள் பின்னாலேயே நடந்துபோய் ஒட்டுக்கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு லூர்துவின் ஷிப்டை உச்சிமாகாளி பார்ப்பானாம். பொங்கலுக்கு அவனுடையதை லூர்து. ஃபோர்மன் கண்டும் காணாமல் இருப்பார். மேலே யாருக்கும் தெரியாது.
ஹில்டா என்னைப் பார்த்துவிட்டாள். "ராமசுப்பு சார், இத எழுதிடாதீங்க. கம்ப்யூட்டர் அச்சுல பேருக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் வுட்டா போதும், அவங்களே பாத்துக்குவாங்க."
இதை என்னிடம் ஏன் ஒருவனும் சொல்லவில்லை?

28-9
மேனேஜர் அவள் அறிக்கையையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். "பலே!" என்னுடையதற்கு ஒரு தலையாட்டல்.
வாயை மூடிக்கொண்டு இருந்தேனா நான்? "அந்தக் காலி இடம் எதற்கென்று கேளுங்கள் சார்." கேட்டார். அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேன்.

1-10
பொறுப்பு எனக்கு. ஹில்டா மறுபடி பஞ்ச் கார்டுக்கு. ஷிப்டு மாற்றிக்கொள்ளக் கூடாதென்று நோட்டீஸ் ஒட்டியாயிற்று.

24-12
இன்று லூர்துவுக்கு ராத்திரி ஷிப்டு. ராயபுரத்தில் பூசைக்கு அவன் பெண்டாட்டியும் பிள்ளைகளும்தான் போவார்கள். மெஷின் போட்டது — நானா போட்டேன்?

9-1-1974
இனி கேன்டீனுக்கும் புரோகிராம். மறுபடி விசாரணை. ஃபோர்மன் அறையே வேண்டாமென்று வாசல் டீக்கடைக்குப் போனேன். "சும்மா பேசிக்கிட்டிருக்கலாம்னு வந்தேன்பா" என்றேன். எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.
சிலுவைமுத்து துண்டால் பெஞ்சைத் துடைத்தான். "குந்துங்க சார்." எனக்கு டீ சொல்லிக் காசையும் அவனே கொடுத்தான். பிறகு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.
அவ்வளவு நீளப் பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்து டீ குடித்தேன்.