மூன்றாம் மாடியில் ஒரு பெண்

ஜூன் 6

அன்பு அக்காவுக்கு,

உன் வாயாடித் தங்கை எழுதுவது. இரண்டாம் ஆண்டு படிக்கிற என்னைச் சம்பளம் கொடுத்து ஆய்வில் சேர்த்துக்கொண்டார் எங்கள் பேராசிரியை! அகதிக் கொள்கைக்குப் பின்னால் இருக்கும் அரசியல்தான் தலைப்பு. மந்திரிகளின் பேச்சுக்கும் அதிகாரிகள் அகதி மனுக்களைத் தள்ளுபடி செய்வதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறோம்.

லீவில் சமையலறையில் சொன்னாயே, மந்திரி டிவியில் சீறினால் மறுவாரமே உங்கள் அகதி அலுவலக விசாரணை அறையில் குறுக்குக் கேள்வி கூடிவிடும் என்று? அதையும் அறிக்கையில் சேர்த்துவிட்டேன். "தங்கமான தகவல்மா!" என்று பேராசிரியைக்கு வாயெல்லாம் பல். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

உன் வாயாடி

ஜூன் 13

வாயாடிக்கு,

என்னைக் கேட்காமல் எப்படிச் சேர்த்தாய்? வெங்காயம் நறுக்கிக்கொண்டே கூடப்பிறந்தவளிடம் புலம்பியது அது. விசாரணையில் நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுத்தான் மொழிபெயர்ப்பாளர் வேலையில் சேர்ந்தேன். தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பெயர் இல்லை, சரி. வேறு என்ன எழுதித் தொலைத்தாய்?

அக்கா

ஜூன் 18

அன்பு அக்காவுக்கு,

கோபப்படாதே. "அகதி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் வேலை செய்யும் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர்" என்று மட்டும்தான். பெயரை மறைத்து வேலையைச் சொல்வதுதான் ஆய்வில் முறை. அறிக்கை போன வாரமே வெளியாகிவிட்டது, ஒரு பத்திரிகைகூட அந்த வரியை எடுத்துப் போட்டிருக்கிறது. மாடி நிறைய மொழிபெயர்ப்பாளர்கள் இருப்பார்கள்தானே?

உன் வாயாடி

ஜூன் 27

தங்கச்சிக்கு,

மூன்றாம் மாடியில் நாங்கள் ஐந்து பேர். பெண் நான் ஒருத்திதான்.

மேலதிகாரி பத்திரிகையை மேசையில் போட்டு, "இது நீங்களாம்மா?" என்று கேட்டார். "நான் இல்லை சார். யார்கிட்டயும் நான் ஒண்ணும் சொல்லலை" என்றேன். எழுதியும் கொடுத்துவிட்டேன். அது உங்கள் கல்லூரிக்கு வரும். நீ இட்டுக்கட்டியதாக ஆகிவிடும். தெரிந்தேதான் செய்தேன்.

திங்கட்கிழமை ஒரு தாயும் பிள்ளையும் விசாரணைக்கு வருகிறார்கள். அவர்கள் பாஷை இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். நான் போய்விட்டால் போனில் யாரையோ பிடித்துப் பேச வைப்பார்கள், பாதி வார்த்தை காற்றில் போகும். என் வீட்டு வாடகையும் ஞாபகத்துக்கு வந்தது, மறைக்கவில்லை.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அக்கா

ஜூலை 5

அக்காவுக்கு,

பேராசிரியை கதவைச் சாத்திவிட்டு, "யார் சொன்னதுன்னு என்கிட்ட மட்டும் சொல்லு, நான் பார்த்துக்கறேன்" என்றார். "அக்கா" என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "நானே இட்டுக்கட்டி எழுதினது மேடம்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்கள். இனி எந்தப் பேராசிரியர் என்னைச் சேர்ப்பார்? அதுகூடப் போகட்டும். மந்திரி பேச்சுக்கும் விசாரணைக்கும் சம்பந்தமே இல்லை என்று உங்கள் அலுவலகம் அறிவித்திருக்கிறது. அதற்கு ஆதாரமாக என் பொய்யைத்தான் காட்டுகிறார்கள்.

உன்னைக் கேட்காதது என் தப்புதான். ஆனாலும் உன்மேல் ஆத்திரம் ஆறவில்லை. ஆறினால் நானே வருவேன், அதுவரை கூப்பிடாதே. அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன முடிவு வந்தது என்று மட்டும் ஒரு வரி எழுது.

தங்கை

ஜூலை 11

தங்கச்சிக்கு,

தள்ளுபடி செய்துவிட்டார்கள். அதை அவர்கள் பாஷையில் அவளுக்குச் சொன்னதும் நான்தான்.

அக்கா