நூற்றுத் தொண்ணூற்றேழாவது நாள்

என் கண்ணுக்கு,

இங்கே நானும் அப்பாவும் அத்தையும் நலம். நலமா என்று கேட்டால் நீ நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்டு வைக்கிறேன்.

இன்று எழுந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், நீ இந்த வருடம் எனக்கு அனுப்பிய செய்திகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, பஸ் டிப்போவில் நான் ஓட்டுநர்களுக்கு டியூட்டி அட்டவணை போடுவது போல வாரவாரியாக ஒரு தாளில் எழுதினேன், தோள் வலி எப்படி, வேலை எப்படி, தூங்கினாயா என்று. அப்பா எட்டிப் பார்த்து, பெத்த பிள்ளைக்கும் ஷிஃப்ட் போடுறியா என்று சிரித்தார். ஆனால் நீ மறுபடி அந்த மாத்திரையை எடுத்துவிட்டதாகச் சொன்னதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எனக்குப் புரியவில்லை, அதனால்தான் தேடினேன். ஏணியிலிருந்து விழுந்து அடிபட்ட தோளுக்காகத் தொடங்கிய வலி மாத்திரை, வலி கூடும்போதுதான் அதைத் தேடுவாய் என்று நினைத்திருந்தேன். மூன்று முறை சறுக்கியிருக்கிறாய், மூன்று வாரமும் தோள் பரவாயில்லம்மா என்றே எழுதியிருக்கிறாய்! முதல் முறை, புது மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டிய வாரம். இரண்டாவது, அறையைக் காலி செய்யச் சொன்ன வாரம். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குடும்பக் குழுவில் நாங்கள் எழுதியதைத் திறந்து படித்தேன். நீ மாத்திரை இல்லாமல் இருந்த நாட்களை அப்பா தினமும் காலையில் எண்ணிப் போட்டிருக்கிறார். நூற்றுத் தொண்ணூற்றேழு என்பதற்குக் கீழே அத்தை, இன்னும் மூணு ரன்தான்டா, அவசரப்படாம ஆடு என்று. இருநூறாவது நாளில் எல்லாரும் உன் வாசலில் வந்து நிற்பதாக ஏற்பாடு. அத்தை அதை எழுதிய அன்று மாலைதான் நீ எடுத்திருக்கிறாய்.

எங்கள் டிப்போவில் ஒரு நெட்டை ஓட்டுநர், மற்ற நாளில் ஒரு கீறல் விழாமல் ஓட்டுவார், பரிசோதகர் ஏறினால் டிப்போ கேட்டிலேயே பஸ்ஸை உரசிவிடுவார். அதனால் பரிசோதனைத் தேதியை அவர் காதில் போடவே மாட்டேன். அங்கே தெரிந்தது வீட்டில் தோன்றவில்லை பார். இங்கே ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் போட்டுக் கேட்டேன். வலிக்கு மட்டும் இல்லம்மா, மனசு இறுகினாலும் மூளை பழைய நிம்மதியத்தான் தேடும், நல்ல விஷயத்துக்குப் படற பதற்றமும் பதற்றம்தானே என்றார். அப்படியானால் அந்த நிமிடம் உனக்கு எப்படி இருந்தது? பயமா, எரிச்சலா, எங்கள் முகங்கள் வரிசையாக வந்து நின்றனவா? தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. மனம் வந்தால் எழுது, இல்லையென்றால் வேண்டாம்.

நர்ஸ் சொன்ன இன்னொன்றை மட்டும் மறக்காதே. இடைவெளி விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது, உயிருக்கே ஆபத்து. மனம் அலைந்தால் தனியாக இருக்காதே, உன் டாக்டரைக் கூப்பிடு, என்னையும் கூப்பிடு, நேரம் பார்க்காதே. வேளைக்குச் சாப்பிடு. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு.

அப்பா மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டார், முப்பதாவது நாளுக்கு மூன்று டிக்கெட்டும் எடுத்துவிட்டார். உன்னைப் பார்த்துப் பதினொரு மாதமாகிறது, எனக்கும் அந்தத் தேதி மேல்தான் கண். இருந்தாலும் இன்று மதியம் மூன்றையும் ரத்து செய்யப் போகிறேன். அப்பாவிடமோ அத்தையிடமோ இன்னும் சொல்லவில்லை. நீ வா என்று சொல்கிற அன்று வருகிறேன்.

உன்
அம்மா