வெடிக்கும் உரத்தை எங்கள் நிலங்களிலிருந்து அள்ளிச் செல்லக் கோருதல்

அனுப்புநர்:
தே. சாலமன்ராஜ்,
கிழக்குத் தெரு, ஆவுடையான்குளம்,
மல்லாங்கிணறு வழி, விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: மேலச்சுந்தரபுரம் நகராட்சிக் குப்பைக் கிடங்கிலிருந்து உரம் என்ற பெயரில் எங்கள் நிலங்களில் கொட்டப்பட்ட வெடிக் கழிவை உடனே அகற்ற வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி ஊரில் கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்து, கம்பும் உளுந்தும் போடுகிறவன். இதுவரை எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதியதில்லை. மரியாதையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். இடையில் கோபம் தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளவும்.

2. மேலச்சுந்தரபுரத்தில் நுழையும் இடத்தில் 'குப்பைக் கிடங்கு இல்லாத நகரம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதற்கு விழா எடுத்து மாலையும் போட்டுக்கொண்டார்கள். இத்தனை வருடக் குப்பை மலை எங்கே போனது என்று அந்த விழாவில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் சொல்கிறேன். சல்லடையில் சலித்து, லாரியில் ஏற்றி, எங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் நிலம் நிலமாகக் கொட்டினார்கள். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் மணிகண்டராஜ் வீடு தேடி வந்து, "அண்ணாச்சி, நயம் உரம். சும்மாவே தர்றோம். வாங்கிப் போடுங்க, வெள்ளாமை எப்படி வருதுன்னு மட்டும் பாருங்க" என்றார். இலவசம் என்றதும் நாங்களும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கினோம்.

3. அந்த நகரத்தில் பட்டாசு ஆலைகளும் அச்சகங்களும் நிறைய. நமத்துப்போன வெடி, அறுந்த திரி, தரையில் கூட்டி அள்ளிய மருந்து எல்லாவற்றையும் பாதுகாப்பாக அழித்துவிட வேண்டும் என்பது விதி. சீசனில் ஆர்டர் நெருக்கும்போது சிலர் அவற்றை அச்சகத்துக் காகிதத் துண்டுகளோடு சாக்கில் கட்டித் தெருக் குப்பையில் தள்ளிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் பையைத் தடுத்த சல்லடை, விரல் பருமன்கூட இல்லாத வெடிகளைத் தடுக்கவில்லை.

4. மழைக்கு முன் நிலத்தில் மண்டிய வேலிமுள்ளை வெட்டிக் குவித்து, காய்ந்ததும் அங்கேயே கொளுத்திவிட்டு உழுவது எங்கள் பக்கத்து வழக்கம். இம்மாதத் தொடக்கத்தில் என் மனைவி ஞானஜோதி அப்படி ஒரு குவியலுக்குத் தீ வைத்தாள். முள் எரிந்துகொண்டிருக்கும்போதே அடியில் கிடந்த மண் படபடவென்று வெடித்தது. நிலத்தின் மறுகோடியில் நின்ற நான், யாரோ கல்யாண வீட்டில் வெடி போடுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் ஓடினேன். வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

5. அடுத்து நடந்ததை எப்படி மரியாதையாக எழுதுவது என்று தெரியவில்லை. விசாரிக்க வந்த காவல்துறையினர், உரிமம் இல்லாமல் வெடி பதுக்கி வைத்திருந்ததாக என் மீதே வழக்குப் பதிந்தார்கள். நகராட்சியில் போய்க் கேட்டால், "எங்க ஊர்லதான் குப்பைக் கிடங்கே இல்லையே, நீங்க எந்தக் குப்பையச் சொல்றீக?" என்று சுகாதாரப் பிரிவு அலுவலர் திருப்பிக் கேட்டார். ஐயா, வயிறு எரிகிறது. வெடியைக் குப்பையில் போட்டவன் நல்லவன். அதை உரம் என்று கொண்டுவந்து கொட்டியவனுக்குப் பாராட்டு. பெண்டாட்டி கண்ணைப் பறிகொடுத்தவன் குற்றவாளி. இது எந்த ஊர் நியாயம்?

6. இந்த வழக்கால் வந்த கேடு இன்னும் பெரிது. பக்கத்து நிலத்துக்காரர் ஊர்க்காவலன் என்பவரும் தன் நிலத்தில் வெடிகளைக் கண்டெடுத்தார். கொண்டுபோய் ஒப்படைக்கலாம் என்றேன். "குடுத்தா நம்மளத்தான் பிடிச்சு உள்ள வைப்பாக. ஒமக்கு வந்தது பத்தாதாய்யா?" என்று சொல்லி, ஓர் ஓரமாகத் திரும்பப் புதைத்துவிட்டார். மற்றவர்களும் அப்படியே செய்கிறார்கள். அவர் வெட்டிய முள் இப்போது காய்ந்து கிடக்கிறது. வார நாளில் ஆலை வேலைக்குப் போகிறவர் என்பதால், வரும் ஞாயிற்றுக்கிழமை கொளுத்தப் போகிறார். புதைத்த இடம் வேறு, முள் கிடக்கிற இடம் வேறு என்கிறார். நிலம் முழுக்க இறைத்த மண்ணில் எந்த இடம் வேறு? மழைக்கு முன் உழாவிட்டால் இந்த வருட விதைப்பு போய்விடும் என்பதால், நான் சொல்வது அவர் காதில் ஏறவில்லை. முள் தள்ளிவிட அவருடைய மனைவியும் மகளும் கூட நிற்பார்கள்.

7. ஆகவே, உரம் கொட்டிய நிலங்களில் தீ வைக்கக் கூடாது என்று ஊர் ஊராக ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்யுங்கள். வெடியைக் கொண்டுவந்து ஒப்படைப்பவர் மீது வழக்கு வராது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கொட்டியவர்களே வந்து அள்ளிப் போகட்டும். என் மீதுள்ள வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

8. மனு வாங்கும் நாள் திங்கட்கிழமை என்று தங்கள் அலுவலக வாசலில் சொன்னார்கள். தீ வைப்பது ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் வெள்ளிக்கிழமையே வந்து நிற்கிறேன். ஆள் வராவிட்டால், கட்டுப் பிரிக்காத கண்ணோடு அந்த முள் குவியல் முன்னால் போய் உட்காருவதாக ஞானஜோதி சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்கிறவள். அவளைத் தடுக்க எனக்கு மனமில்லை, ஐயா. நானும் பக்கத்தில் உட்காருவேன்.

தங்கள் ஆட்களின் வரவை எதிர்பார்த்து,
தே. சாலமன்ராஜ்
(கையொப்பம்)

இடம்: விருதுநகர்
நாள்: 29.08.2025