உப்பளத்து வீட்டுக்கு வந்த உப்பு

வாலிநோக்கம்

அன்பு மகள் ஜோதிகாவுக்கு அய்யா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கன நான் சுகம், உன் அம்மா இப்போதுதான் சுகமாகி வருகிறாள். பயப்படாதே, நான் பிழையில்லாமல் எழுதுகிறேனா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அம்மாவுக்கு பிரஷருக்கு டெல்மிசார்டன் மாத்திரை கொடுத்தார்கள் என்று கேட்டுத்தானே நீ பிரஷர்காரர்களுக்கு ஆன உப்பு என்று பாக்கெட் பாக்கெட்டாகக் கொடுத்துவிட்டாய். உப்பு வாருகிற மூக்கையா வீட்டுக்கு பிளேன் ஏறி உப்பு வருகிறது என்றால் உப்பளப் பாத்தியில் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்களே என்று, உன் அம்மா அதைப் போட்டுத்தான் சமைக்கிறாள் என்பதை நான் வெளியே மூச்சு விடவில்லை. அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரம்மா என்ன உப்பு சேர்க்கிறீர்கள் என்று கேட்டார், கூட வேலை பார்க்கிற கூத்தையா பக்கத்தில் நின்றான், நான் நெஞ்சை நிமிர்த்தி எங்க பாத்தி உப்புதாம்மா, அதுவும் கொஞ்சூண்டுதான் என்றேன். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டாள்.

போன வாரம் காலில் பலமில்லை என்றாள், கருவாடு வாங்கித் தராத கோபம் காலில் இறங்கிவிட்டது என்று கேலி பண்ணினேன். சாயங்காலம் குடத்தோடு உட்கார்ந்தவள் எழவில்லை. ஆஸ்பத்திரியில் நாடி ரொம்ப மெதுவாக அடிக்கிறது என்று ஓடினார்கள், என்ன உப்பு சேர்க்கிறீர்கள் என்று திரும்பக் கேட்டார்கள், கூத்தையாவும் வந்திருந்தான், அப்போதும் எனக்கு நாக்கு எழவில்லை ஆத்தா. படுத்திருந்தவள்தான் எம்புள்ள அனுப்புன உப்பு தாயி, இந்த மனுசனுக்கு வெளிய சொல்ல வெக்கம் என்றாள். அந்த மாத்திரை பொட்டாசியம் என்கிற சத்தை உடம்பில் தேக்குமாம், அந்த உப்பிலும் அதுதான் நிறையவாம், இரண்டும் சேர்ந்து நெஞ்சை நிறுத்தப் பார்த்திருக்கிறது. முன்னமே சொல்லியிருந்தால் அன்றைக்கே தடுத்திருப்பேனே என்றார் டாக்டரம்மா. அது காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நீ அழாதே, நீ ஆசையாய் அனுப்பினாய், மறைத்தவன் நான். ஊசி போட்டு, கொஞ்ச நாள் மாத்திரையை நிறுத்தி, ரத்தம் பார்த்து, இப்போது குறைந்த அளவில் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள், தானாக நிறுத்தக் கூடாதாம். நம் உப்பையும் பாதியாக்கிவிட்டாள், குழம்பை வாயில் வைக்க முடியவில்லை, வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. பாத்தியில் எல்லாரிடமும் நானே சொல்லிவிட்டேன், நன்றாகச் சிரித்தார்கள். இந்தச் சிரிப்புக்குப் பயந்து உன் அம்மாவைப் பறிகொடுத்திருப்பேன்.

இரண்டு பேரும் மனசும் வயிறும் நிறைந்து நன்றாயிருங்கள். இனி உப்பு அனுப்பாதே. மீதிப் பாக்கெட்டைக் கொட்டு என்றால் உன் அம்மா, மகள் கொடுத்ததை எப்படிக் கொட்டுவது என்று சேலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள், என் பேச்சை நம்புவதில்லை, நீயே போன் போட்டுச் சொல்லு.

உன் அய்யா
மூக்கையா